கழுவி வைத்த புட்டி

அந்தப் பச்சைப் புட்டியை வெந்நீரும் சோப்பும் போட்டு மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைத்தேன். அப்படியொரு சுறுசுறுப்பு எனக்கு, என்னத்தைச் சொல்ல.

மெல்பேர்னில் ஓக்லி பக்கம் தனியாக இருந்த கிரேக்க அங்கிள் வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சமையலறை அலமாரியின் மூலையில் பாதிப் புட்டி ஏதோ இருந்தது. திறந்ததும் குப்பென்று பெயிண்ட் தின்னர் வாடை. மனிதர் தெரியாமல் குடித்துவைத்தால் என் தலைதான் உருளும் என்று சிங்கில் கொட்டிவிட்டேன்.

அது வைன் என்று பிறகுதான் தெரிந்தது. பைன் மரப் பிசின் சேர்ப்பது அவர்கள் ஊரில் காலங்காலமாக உள்ள வழக்கமாம். கொல்லையில் காய்த்த திராட்சையை அவர் மனைவி காலால் மிதித்துப் பிழிந்த கடைசி வைன். மனைவி போனபின் மகன் கொடியை வெட்டிச் சிமெண்டு போட்டுவிட்டான். அடக்கத்தின்போது பாதிரியார் பெட்டிமேல் வைன் ஊற்றுவாராம். பாதியை மனைவிக்கு ஊற்றிவிட்டு, மீதியைத் தன் அடக்கத்துக்கென்று வைத்திருந்தார்.

நான் சொன்னதும் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். புட்டியை மூக்கருகே வைத்துப் பார்த்தார். “நல்லாக் கழுவிட்டியாம்மா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆமா அங்கிள், வெந்நீர்ல” என்றேன். பாவி, அதையும் சொன்னேன்.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். “விடு, கடைல ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்” என்றார் என் கணவர். கடையில் கிரேக்க வைனுக்கென்றே தனி அலமாரி. இளையவர்கள் இப்போது இதைத்தான் தேடி வருகிறார்கள் என்றார் கடைக்காரர். லேபிளில் ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று போட்டிருந்தது.

அங்கிள் ஒரு வாய் குடித்து, நல்ல வைன் என்றார். பிறகு பழைய புட்டியில் பாதிவரை ஊற்றி, மூடி, அதே மூலையில் வைத்தார். “மகன்கிட்ட சொல்லாதே. உன் ஆபீசுக்குப் புகார் எழுதிடுவான்.”

அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டார். பாதிரியார் ஊற்றியபோது அதே பிசின் வாடை எழுந்தது. “வாசனை வருதா? எங்க அம்மா செஞ்சது” என்று மகன் என்னிடம் சொல்லி அழுதான். “ஆமா, வருது” என்றேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் என்று வெறும் புட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

இப்போது அது என் சமையலறையில் இருக்கிறது. இன்றுவரை கழுவவில்லை.