நசுங்காத எலுமிச்சம்பழம்

திண்டிவனத்திலிருந்து வந்த என் ஸ்கூட்டர் உழவர்கரையில் பஞ்சராகி நிற்கிறது. பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றி ஒட்டும்வரை பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒதுங்குகிறேன். உள்ளே சிவப்பாக ஒரு பழைய அமெரிக்கக் கார். முன்பக்கம் இங்கே இருந்தால் பின்பக்கம் அடுத்த ஊரான வில்லியனூரில் இருக்கும், அவ்வளவு நீளம். குழாய் சாமான் கடை வைத்திருக்கும் தனசேகர் பதினோரு வருடமாகப் பழுது பார்த்துப் பளபளப்பாக்கிய வண்டி.

இன்று வெள்ளிக்கிழமை. சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, இன்ஜினைக் கிளப்புகிறார். எட்டு சிலிண்டர். தகரம் நடுங்குகிறது, தெரு நாய்கள் இடம் மாறுகின்றன. நானும் மரியாதையாகச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். பத்து நிமிடம் உறுமிவிட்டு வண்டி அணைகிறது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"வெளிய எடுக்கலையா?"

"கடல் காத்து சார். உப்பு புடிச்சா பதினோரு வருஷமும் போச்சு."

"அப்ப பழம் எதுக்கு?"

"வண்டின்னா வைக்கணும் இல்ல?"

அவர் மனைவி குனிந்து நான்கு பழங்களையும் பொறுக்குகிறார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. "வெள்ளிக்கெழமைன்னா எங்க வீட்ல எலுமிச்ச சாதம்தாங்க" என்கிறார், முகத்தில் எதையும் காட்டாமல்.

பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. கிளம்பும்போது தனசேகர் மஞ்சள் பையோடு வந்து நிற்கிறார்.

"மார்க்கெட் வரைக்கும் வுட்டுடுங்க சார். கார் பாலிஷ் தீந்துபோச்சு."

என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தோளை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

"மெதுவா போங்க. வண்டிய கெடுத்துடும் இந்த ரோடு."