தையல்நாயகியின் நீல வண்டி

மரக்காணம் உப்பளத்தில் நாற்பது ஆண்டுகளாக உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் பார்த்துக் குறித்து வருகிறேன். எந்த இயந்திரம் எப்போது வந்தது என்பதும் அதே நோட்டுகளில் இருக்கிறது. 1984இல் ஆயில் இன்ஜின், 1997இல் கரண்ட் மோட்டார், 2021இல் சோலார் தகடு. மூன்றும் தண்ணீர் இறைக்க வந்தவை. பாத்தியிலிருந்து ரோட்டுக்கு உப்பு மட்டும் பெண்களின் தலையில்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர்களில் ஒருவர் தையல்நாயகி. பெருமுக்கல்லில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வயதில் உப்புத்தட்டைத் தூக்கியவர். 2024 பிப்ரவரியில், நாற்பத்தாறாவது வயதில், கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிச் சுமை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தூக்காம இங்க என்னம்மா வேலை இருக்குது? வேற எங்கனா பாத்துக்க" என்றார் மேஸ்திரி காசிலிங்கம். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

தையல்நாயகி ஒரு வண்டி செய்தார். உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதனால் நீல பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, பிடிக்கு இரண்டு சவுக்குக் கழிகள் கட்டினார். வரப்பு அகலம் குறைவு என்பதால் முன்னால் ஒரே சக்கரம், பழைய மொபெட்டிலிருந்து கழற்றியது. தார் ரோட்டில் தள்ளிப் பார்த்தபோது சிட்டாய்ப் பறந்தது.

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை உப்பளத்துக்குக் கொண்டுவந்தார்.

"ஏண்டி தையலு, ஐஸ் விக்கப் போறியா?" என்று கேட்டார் கூட வேலை செய்யும் கொளஞ்சியம்மாள்.

"ஆமா, ஒனக்குத்தான் மொத ஐஸு. வாயில வெச்சிக்கினு சும்மா இரு!"

ஈர உப்பை ஏற்றி வரப்பில் பதினொரு அடி போனதும் சக்கரம் பாதிவரை புதைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். உடைந்த வரப்பைப் பார்த்துக் காசிலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. வண்டிய வரப்பு தாங்காது."

"பாத்தி மட்டும் எப்பிடிங்க தாங்குது? நாமதான மிதிக்கிறோம்?"

ஒவ்வொரு ஆண்டும் சீசன் தொடங்குமுன் பாத்தித் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். வரப்பை அப்படி மிதிக்க யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

காசிலிங்கம் யோசித்தார். "வியாழக்கெழம பத்து மணிக்கு லாரி வருது. அதுக்குள்ள ஒன் பாத்தி உப்புக் குவியல் ரோட்டுக்கு வந்துட்டா வேலை ஒனக்குத்தான். வரலன்னா என்னைக் கேக்காத."

அன்று மாலையே ஒன்பது பெண்கள் மணல் தூவி வரப்பை மிதித்தார்கள். முதலில் இறங்கியவர் கொளஞ்சியம்மாள். புதன்கிழமை வெயில் நன்றாகக் காய்ந்தது.

வியாழக்கிழமை காலை 6.10க்கு முதல் நடை. தூரம் நூற்று நாற்பத்திரண்டு மீட்டர், நாடா பிடித்து அளந்தேன். ஒரு நடைக்கு மூன்று தட்டு உப்பு. சக்கரம் விரற்கடை அளவுகூட இறங்கவில்லை. இருபதாவது நடையில் குவியல் முழுதும் ரோட்டுக்கு வந்தபோது மணி 9.22. லாரி வந்ததோ 10.40க்கு.

"மேஸ்திரி, ஒங்க லாரிதான் லேட்டு!" என்றார் தையல்நாயகி. காசிலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே ஒரு வாட்டி குட்றி" என்று வண்டியை வாங்கிய கொளஞ்சியம்மாள் நான்கு நடை போயும் திருப்பித் தரவில்லை. துரத்திப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது ஐந்து வண்டிகள் ஓடுகின்றன. அன்றிலிருந்து தையல்நாயகி ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. கழி உள்ளங்கையை உறுத்துகிறதாம். இருபத்தேழு ஆண்டுகள் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியைக் கிழித்து வண்டியின் பிடிகளில் சுற்றியிருக்கிறார்.