நின்றால்தான் ராக்கா?

மோட்டார் காயிலுக்கு அடிக்கும் வார்னிஷ் வாசனை... என் ராக் வாழ்க்கை அந்த வாசனையில்தான் ஆரம்பித்தது. தொண்ணூறுகளில் கோவை கணபதியில் செந்திலின் அப்பா வைத்திருந்த ஒர்க்‌ஷாப்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிராக்டிஸ் ரூம். செந்தில் கிட்டார், ரஃபி டிரம்ஸ், நான் வயலினும் பாட்டும். மூவரும் ஒரே காலேஜ். அடுத்த மாதம் ஒரு பேண்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம்.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு நின்றுகொண்டு வாசிக்க வராது.

எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம். தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசித்தே பழக்கம். நின்றால் தாடையால் இடுக்கிப் பிடிக்க வேண்டும். இடுக்கினால் பாட வாய் திறக்காது. திறந்தால் வயலின் வழுக்கும்.

"ஏனுங்க அம்மணி, ராக் பேண்டுல யாராச்சும் உக்காந்து வாசிப்பாங்களா? பஜனைன்னு சிரிப்பாங்க. போட்டிக்குள்ள நின்னு பழகிப்போடுங்க. இல்லீன்னா கீபோர்டுக்கு ஒரு ஆளப் பாத்து வெச்சிருக்கறனுங்க" என்றான் செந்தில்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அந்த பேண்டை விட மனசும் இல்லை. ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்றே வாசித்தேன். கழுத்து வீங்கியதுதான் மிச்சம்.

போட்டி நாள். எங்கள் சொந்தப் பாட்டு. இரண்டாவது வரியில் மேல் ஸ்தாயிக்குப் போக வாயைத் திறந்தேன்... வயலின் நழுவியது. முழங்கையால் தடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ஹால் முழுக்க ஊளை. செந்தில் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேடையில் பவானி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மைக் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. ரஃபி எழுந்து வந்து, டிரம்ஸுக்கு வைத்திருந்த குட்டை மைக் ஸ்டாண்ட் இரண்டை என் முன்னால் நகர்த்தினான். வாய்க்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று.

"நீங்க பாடுங்க. நான் பாத்துக்கறேன்."

தாடைக்கு வேலையில்லை. வாசித்துக்கொண்டே தொண்டை திறந்து பாடினேன். பாட்டு முடியும்போது மொத்த ஹாலும் நின்றுகொண்டிருந்தது. நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. கீபோர்டு ஆள் பற்றிய பேச்சு அதோடு சரி.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ மேடை. இன்றைக்கும் சவுண்டுக்காரர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்... குட்டை ஸ்டாண்ட் ரெண்டு, ஒரு ஜமுக்காளம்.

என்ன, அன்றைக்குப் பாட்டு முடிந்ததும் துள்ளி எழுந்தேன். இப்போது முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு காலேஜ் நிகழ்ச்சி. செந்தில் பார்க்க வந்திருந்தான், தலை முழுக்க நரையோடு. கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையேறி வந்து கை நீட்டினான்.

"புடிச்சுக்குங்க அம்மணி. எந்திரிங்க."

"அன்னைக்கும் இதையேதானுங்க சொன்னீங்க. பசங்க இன்னொரு பாட்டுக் கேக்கறாங்க, கிட்டார எடுத்துட்டு வந்து உக்காருங்க."

செந்தில் மேடையில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான்.