என் மனைவிக்கு நான் எழுதிய பத்தியம்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எனக்குச் சொன்னது கொஞ்சம்தான். உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், காய்கறியும் பயறும் மீனும் சேர்க்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவனுக்கு அது போதவில்லை. பெரிய தாளில் நானே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். டாக்டரின் ‘குறையுங்கள்’ என் கையெழுத்தில் ‘கூடாது’ ஆனது. உப்பு கூடாது. தேங்காய் கூடாது. அதுவும் கேரளத்துக் கொல்லயில் ஊரில், தென்னைகளுக்கு நடுவே இருக்கிற வீட்டில்.

மனைவி அதை வாசித்துவிட்டு, “இது நமக்கு ரெண்டுபேருக்குமா?” என்று கேட்டாள்.

“ஒரு வீட்டுல ரெண்டு சட்டி எதுக்கு? ஒனக்கும் நல்லதாக்கும்.”

அவளுக்கு எந்த நோயும் இல்லை. இருந்தும் சம்மதித்தாள்.

சர்ச் சபையின் முதியோர் கூட்டத்தில் ஞாயிறுதோறும் பேசுவது என் வேலை. அந்த வாரம் இதயம் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடிவில் வடை வந்தது. எல்லோரும் பார்க்க, தட்டைத் தள்ளி வைத்தேன். மறுநாள் காலை நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பாறசாலையில் பஸ் ஏறிக் களியக்காவிளையில் இறங்கினேன். பாறசாலைக் கடைகளில் என்னிடம் படித்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் எனக்கு இதயமே கிடையாது.

ஒரு மாதத்தில் கடைக்காரருக்கு நான் பழகிவிட்டேன். “சாறே, இண்ணு நடை நேரத்தே முடிஞ்சுதே! பொறோட்டா ரெண்டா, மூணா?”

“ரெண்டு. பீஃப் கொஞ்சம் கூட வை.”

மத்தியானம் வீட்டில் உப்பில்லாத பயறைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

“எதுக்கு இவ்வளவு கொஞ்சமா தின்னுதிய?” என்பாள்.

“கட்டுப்பாடு. வயிறு சுருங்கியாச்சு.”

அவள் என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். சாப்பாட்டை வீணாக்குவது பாவம் என்று என் தட்டில் மிஞ்சியதையும் தின்பாள்.

எட்டாவது மாதம் அவளுக்குத் தலை சுற்றியது. அடுப்பில் என்ன வைத்தோம் என்பதையே மறந்தாள். “உடம்பு சுத்தமாவுது. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்” என்று விளக்கம் சொன்னேன். இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். அதற்கு அடுத்த வாரம் கிணற்றடியில் விழுந்தாள். தூக்கி உட்கார வைத்தபோது என்னை யாரென்று கேட்டாள்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் அவளுக்குத் தெளிவு வந்தது. இளம் டாக்டரம்மா கேட்டார்: “அம்மாவுக்கு ரத்தத்தில உப்பு தீரெ குறவாணு. பி.பி.யும் இல்ல. உப்பு வேண்டான்னு ஆரு பறஞ்ஞு?”

மனைவி எனக்காகப் பரிந்து பேசினாள். “இவிய தப்பா ஒண்ணும் சொல்லமாட்டாவ டாக்டரே. இவியளும் அதத்தான் தின்னாவ. என்னவிட கொஞ்சமாக்கும் தின்னாவ.”

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். உப்பே தொடாத மனிதன் இத்தனை நன்றாக நிற்கிறானே என்ற வியப்பு. பேசாமல் இருந்திருந்தால், அந்த வியப்போடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

“நான் தின்னல்ல” என்றேன். “களியக்காவிளையில போயி பொறோட்டாயும் பீஃபும் தின்னேன். தினமும்.”

டாக்டரம்மா ஃபைலை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மனைவி மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டாள்:

“தினமுமா?”

“ஞாயிறு தவிர.”

“ஞாயிறு சபையில பேசணுமே” என்றாள். “எனக்கு இப்பம் வழக்கு பேச வய்யா. கஞ்சி வாங்கிட்டு வாருங்க. உப்பு போட்டது.”

கேன்டீனில் வாங்கி வந்து, கரண்டியால் ஊட்டினேன். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். வெறும் கஞ்சிதான், ஊறுகாய்கூட இல்லை. அந்த உப்பை விட மனமில்லாமல், அவள் அதை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.