கம்பெனி கேட் வரைக்கும் யாரும் சாகக்கூடாது

என் மேசை இழுப்பறையில், பழைய காக்கிச் சட்டையிலிருந்து கிழித்த துணியில் சுற்றி ஒரு சி.டி. கிடக்கிறது. என் மாமனார் சேர்த்து வைத்திருந்த படங்களில் கம்ப்யூட்டரில் ஏறாமல் தப்பியது இது ஒன்றுதான். மற்றவற்றை ஏற்றி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதை மட்டும் ஏற்றவே கூடாது என்று அவரே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

மாமனார் கம்பெனி பஸ் டிரைவர். திருக்கழுக்குன்றத்தில் கிளம்பி, செங்கல்பட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு, மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் காலை ஷிப்டுக்கு இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே ஆட்களைத் திருப்பிக் கொண்டுவருவார். போகும்போது பாதிப் படம், வரும்போது மீதிப் படம். பல வருஷம் இப்படியே ஓடியது. பிறகு புது பஸ் வந்தது. அதில் சி.டி. போட வழியில்லை, பென் டிரைவ் மட்டும்தான் செருகலாம். இரண்டு சாக்குப்பை நிறைய சி.டி.க்களைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டர் பக்கத்தில் கொட்டினார். "திங்கக்கெழம புது வண்டிம்மா. எல்லாத்தையும் அந்தக் குச்சில ஏத்திக் குடுத்துடு" என்றார், கடையில் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வது போல.

ஏற்றுவது அவ்வளவு சுலபமா? பெரும்பாலும் ஒரு படத்துக்கு இரண்டு சி.டி., நீளப் படம் என்றால் மூன்று. ஒன்று இருந்தால் மற்றொன்று வேறு உறையில் இருக்கும். பஸ் குலுங்கிக் குலுங்கி எல்லாவற்றிலும் கீறல். டிரைவ் கரகரவென்று இழுத்து, முக்கால்வாசி ஏறியதும் நின்றுவிடும். பற்பசை தடவித் துடைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஆபீஸ் வேலை முடித்து வந்த களைப்பில் இதைச் செய்யும்போது, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் டீ குடிப்பார். "இன்னாம்மா, நின்னுகினே கீது?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு படத்தையும் கம்பெனி கேட் வரும் இடத்தில் சரியாக இரண்டாக வெட்ட வேண்டும் என்றார். அதையும் செய்தேன். அடுத்தது, போகிற பாதியில் சாவு, அழுகை எது வந்தாலும் எடுத்துவிட்டு, அதை வருகிற பாதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம்.

"மாமா, அம்மா சாகறதை எடுத்துட்டா மகன் எதுக்கு கத்தியைத் தூக்கறான்னு யாருக்குப் புரியும்?"

"சாய்ங்காலம் வர்றப்போ புரிஞ்சுகினு போறான், வுடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது படமா, பழைய துணியா, இங்கே கிழித்து அங்கே ஒட்டுவதற்கு என்று மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். ஒருநாள் காலையில் போட்ட படத்தில் ஒரு குழந்தை செத்துவிட்டதாம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். அன்றைக்கே தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. "அழுதுகினு எறங்குறவன் மிஷின்ல கைய வுட்டுடுவாம்மா. நான்தான் அந்தப் படத்தப் போட்டேன்." அந்த சி.டி.தான் நான் ஏற்றக்கூடாதது. மிஷினில் கை போவதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. கடைசியில் முனகிக்கொண்டே எல்லாப் படத்தையும் அவர் சொன்னபடி வெட்டி ஒட்டினேன். போகிற பாதியில் எல்லோரும் சிரித்தார்கள், பாடினார்கள். வருகிற பாதியில் ஒரேயடியாகச் செத்தார்கள்.

அவர் ரிட்டயர் ஆன அன்று மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்தவர்களில் அந்தப் பையனும் இருந்தார். பையன் என்ன, நரை தட்டிய ஆள். இரண்டு விரல் இல்லாத கையால் டம்ளரை வாங்கினார். மாமனார் வாசலில் நின்றிருந்ததால், மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னிக்குப் படம் பார்த்துட்டு அழுதீங்களா?"

அவர் சிரித்தார். "நான் எங்கேம்மா படம் பாத்தேன். ஏறுன ஒடனே தூங்கிட்டேன். கம்பெனி கேட்டாண்டதான் எழுப்புனானுங்க. அந்த மிஷினு ஒரு வாரமாவே மக்கர். படத்தால இல்லன்னு அண்ணாத்தகிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன்."

எல்லோரும் போன பிறகு மாமனாரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் உங்களையே படுத்திக்கொண்டு, என்னையும் படுத்தினீர்களே, அவரே சொல்கிறாரே என்றேன். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கோசரம் சொல்றாம்மா. நல்ல புள்ள" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடைசி வரைக்கும் அவர் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தார்.

மாமனார் போன பிறகு அவருடைய பெட்டியில்தான் இந்த சி.டி. கிடைத்தது. அப்படி என்ன படம், பார்த்துவிடலாம் என்று இன்று துணியைப் பிரித்தேன். இப்போதுள்ள லேப்டாப்பில் சி.டி. போட இடமே இல்லை. சிரிப்புதான் வந்தது. அன்று அந்த பஸ்ஸில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். காக்கித் துணியை மறுபடி சுற்றி உள்ளே வைத்தேன்.