பாத்தி கெட்டுவிடும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் வீட்டுக்காரர் போனில் ஏதோ வெளிநாட்டு ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். கோல் போட்ட ஆள் ஓடவில்லை, கத்தவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கி, தெரியாமல் செய்துவிட்டேன் என்பது போல நின்றார். எதிரணி அவர் முன்பு ஆடிய அணியாம். பழைய அணிக்கு எதிராக கோல் போட்டால் கொண்டாடக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு மரியாதை இருக்கிறதாம்.

“எவ்ளோ அடக்கம் பாரு,” என்றார் வீட்டுக்காரர்.

அந்த வார்த்தை எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். அதற்குள் அடுத்த வீடியோவில் வேறொருவன் கோல் போட்டு, புல்லில் முட்டி போட்டுச் சறுக்கிக்கொண்டே போனான். அவனைப் பார்த்து என் மகள் யாழினி கூடத்து டைல்ஸில் சறுக்கிப் பார்த்தாள். ஆறு வயது. கட்டில் காலில் போய் நின்றாள். முட்டியில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் போயிருந்தது.

அந்த ஒரு ரூபாய்க்கு நான் செய்த ஆர்ப்பாட்டத்தை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று தடவை கழுவினேன். ஊசி போட வேண்டுமா என்று நெட்டில் மூன்று இடத்தில் தேடினேன். மூன்றிலும் மூன்று பதில் இருந்தது. மருந்து வைக்கும்போது, “இனிமே இப்படி விழுந்து கிழுந்து ஆடக் கூடாது, சொல்லிட்டேன்,” என்று அதட்டினேன். யாழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். விழுந்து ஆடக் கூடாது. இதே சொற்களை வேறு ஒரு வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன்.

புண் மருந்தின் நெடி மூக்கிலேயே நின்றது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இந்த நெடியே கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் காலில் அடிபட்டால் மருந்து வேறு வேண்டுமா? நிற்கிற தண்ணீரே போதும். உயிர் போகிற மாதிரி எரியும். ஆனால் சீழ் பிடிக்காது என்பார் அப்பா. அது உண்மையா என்று இதுவரை நான் தேடிப் பார்க்கவில்லை. அப்பா சொன்ன ஒன்றாவது உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா பாத்தி மிதிக்கிறவர். மழைக்காலம் முடிந்து தண்ணீரை வடித்த பிறகு, உப்பு விளையும் பாத்தியின் தரையை மிதித்து மிதித்துச் சிமெண்டு போல ஆக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று, அடிமேல் அடி வைத்து, நாள் கணக்காக மிதிப்பார்கள். தரையில் ஒரு பள்ளம் இருந்தால் அந்த இடத்து உப்பில் சேறு ஏறிவிடும். கலங்கல் உப்பை எவனும் வாங்க மாட்டான்.

அந்த நாட்களில் கங்காணி எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒரு பெரிய தயவு செய்வார். பாதி இறுகிய பாத்தியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்பால் ஆட விடுவார். செருப்பில்லாமல் இருபது பையன்கள் காலையிலிருந்து ஓடினால் தரை எப்படி இறுகும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருஷம், கூலி பற்றிய பாடம் ஒன்றில்தான் எனக்கு இது உறைத்தது. அதுவரை அவரை நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளின் லட்சணம் இது.

தயவுக்கு விதிகளும் இருந்தன. ஓடலாம், உதைக்கலாம். சறுக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, விழக் கூடாது. கோல் போட்டால் கையைக் கீழே விட்டு அப்படியே நிற்க வேண்டும். பிறகு பாதத்தைத் தட்டையாக வைத்துத் திரும்பி நடக்க வேண்டும். குதித்தால் குதிகால் பள்ளம். விழுந்தால் முட்டிப் பள்ளம்.

என் அண்ணன் ஏழுமலைக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் மூன்று வயது சின்னவள். வரப்பில் உட்கார்ந்து, வாய்க்காலில் விழும் பந்தை எடுத்துப் போடுவது என் வேலை. ஒருநாள் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு அண்ணன் ஒரு கோல் போட்டான். போட்டவன் ஓடினான். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓடி, முட்டி போட்டுச் சறுக்கினான். ஈரத் தரையில் இரண்டு கோடுகள் நீளமாக விழுந்தன. ரத்தமும் வந்தது. அதன்மேல் உப்புத் தண்ணீர். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தான்.

கங்காணி மத்தியானம் வந்து கோட்டைப் பார்த்தார். “எவன்டா அது, ஏர் ஓட்டினவன்?” என்றார். பையன்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோல்கீப்பராக நிற்கும் கூனிமேட்டுக் காதர் மட்டும், “நாய் ஓடுச்சுங்க,” என்றான். “நாய்க்கு ரெண்டு காலாடா?” என்று கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ படிக்கிற புள்ள. பொய் சொல்ல மாட்ட. யாரு?”

நான் கையை நீட்டி, “எங்க அண்ணன்,” என்றேன்.

பெருமையாக வேறு சொன்னேன் என்று ஞாபகம். அவ்வளவு நல்ல கோலைப் போட்டது யார் என்றுதான் அவர் கேட்கிறார் என்று நினைத்தேனா, இல்லை படிக்கிற பிள்ளை என்று சொன்னதில் மயங்கிவிட்டேனா? எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாகவே பதில் வருவதால் நம்ப முடியவில்லை.

“விழுந்து ஆடுறதுன்னா ரோட்ல போய் ஆடுறா,” என்றார் கங்காணி. அடிக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பாத்தி முழுவதையும் அப்பா தனியாக, முதலிலிருந்து, நாள் கணக்காக மிதித்தார். முதல் நாள் பொழுது சாயும்வரை அண்ணனை வரப்பில் நிற்க வைத்துப் பார்க்கச் செய்தார்கள். திரும்பி வரும் வழியில் அப்பா கோபமே இல்லாமல் சொன்னார்: “கோல் போட்டியா? சரி. போட்டுட்டு நில்லு. ஆடாத.”

அண்ணன் அதற்குப் பிறகு கோல் போட்டுவிட்டு ஆடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடவில்லை, மாவட்ட அணியில் ஆடவில்லை. கோல் போட்டதும் கை கீழே போய்விடும், கண் தரைக்குப் போய்விடும். காதர் கிண்டல் பண்ணுவான்: “டேய் ஏழு, கோல் போட்டியா, கொல்லைக்கு வருதா? என்னடா இப்டி நிக்கிற?” சென்னையில் மாதச் சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. அங்கே புல்தரை. எங்கே எப்படி விழுந்தாலும் தரைக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயும் அப்படியே நின்றான்.

சென்னைக்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அடக்கம். கமெண்ட்ரி சொல்கிறவர், “என்ன ஒரு பணிவு!” என்று உருகினார். தலைகுனிந்து நிற்கும் அண்ணனின் படத்தைப் போட்டு கிளப் ஒரு போஸ்டர் அடித்தது. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பணிவு பற்றிப் பேச அவனைக் கூப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன். மைக்கைப் பிடித்து, வேர்த்து வழிய, “அடக்கம்லாம் ஒண்ணும் இல்லீங்க. குதிச்சா பாத்தி கெட்டுடும். அதான் பழகிடுச்சு,” என்றான். தலைமையாசிரியர் மைக்கை வாங்கி, “பாத்தீங்களா பிள்ளைங்களா! அடக்கம்னு ஒத்துக்கக்கூட மாட்டேங்கிறாரு, அவ்ளோ அடக்கம்!” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. கங்காணிக்குப் பயந்து நின்ற பையனை ஊரே கும்பிடுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது, அதுவும் எரிச்சலோடு. வசதியானவன் குதிக்காமல் நின்றால் அது குணம். எங்களுக்கு அது தழும்பு. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது.

எனக்குக் கல்யாணமாகி, யாழினி பிறந்து மூன்று மாதம். அண்ணனின் ஆட்டங்கள் போனில் வரும். மாமியாரும் கூட உட்கார்ந்து பார்ப்பார். ஒரு கோலுக்கு அப்புறம் அவர் கேட்டார்: “ஏம்மா, உங்க அண்ணன் ஏன் சாவு வூட்டுக்கு வந்தவரு மாதிரி நிக்கிறாரு? புள்ள பொறந்திருக்குது, மாமன்காரன் கொஞ்சம் சிரிச்சாதான் என்ன?”

அவர் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, அடுத்த கோலுக்கு ஆடேன். ஒரே ஒரு தடவ.”

“எனக்கு வராது பாப்பா. காலு தரையப் பாக்குது.”

“யாழினிக்காக ஆடுண்ணா. இவங்க எல்லாரும் பாக்குறாங்க.”

அண்ணன் சிரித்தான். “சரி, பாக்கலாம் போ. மருமவளுக்காக.”

அடுத்த ஆட்டத்தில் சட்டைக்குள் போட்டிருந்த பனியனில் அவன் யாழினி என்று மார்க்கரால் எழுதியிருந்தான். முதல் பாதியிலேயே யாரையோ காலில் இடித்ததற்கு அவனுக்கு ஒரு மஞ்சள் அட்டை. இன்னொன்று வாங்கினால் சிவப்பு, வெளியே போக வேண்டும். கோல் போட்டுச் சட்டையைக் கழற்றினால் அதற்கு ஒரு மஞ்சள் அட்டை உண்டு. ஃபுட்பால் பார்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அண்ணனுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் மற்றவர்கள் நூறு தடவை கொண்டாடியவர்கள். எது வரைக்கும் போகலாம் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும். அண்ணனுக்கு அது முதல் தடவை. கோல் போட்டான், சட்டையைக் கழற்றினான். இரண்டாவது மஞ்சள், உடனே சிவப்பு. மீதி இருந்த பத்துப் பேரால் தாங்க முடியவில்லை. இரண்டு கோல் வாங்கி அணி தோற்றது. அது கோப்பைக்கான ஆட்டமாக இல்லாமலிருந்தால் மன்னித்திருப்பார்களோ என்னவோ.

போஸ்டர் அடித்த அதே கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உருகிய அதே கமெண்ட்ரிக்காரர், “பேரு வந்துட்டா தலைக்கனமும் வந்துடுது,” என்றார். நெட்டில் எல்லாரும் திட்டி எழுதினார்கள். நான் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் படித்தேன். அதைப் படிப்பது என் கடமை போல, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். வேறு கிளப் எதுவும் கூப்பிடவில்லை. இப்போது அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். ஈசிஆர் ரோட்டில் எங்காவது எதிரில் வந்தால் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான்.

அன்று கையை நீட்டிக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவன் சின்ன வயதிலேயே ஆடிப் பழகியிருப்பான். பிறகு போன் போடாமல் இருந்திருந்தால் கடைசிவரை ஆடாமலே பிழைத்திருப்பான். அவனை நிறுத்தியதும் நான், ஆட வைத்ததும் நான். மாமியாரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். “உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். அவரு தலையெழுத்துக்கு நீ என்ன பண்ணுவ,” என்றார். அண்ணன் ஏன் அப்படி நிற்கிறார் என்று கேட்டதே அவருக்கு ஞாபகமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தப் பாத்திகளில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டார்கள். தாளின் மேல் உப்பு வெள்ளை வெளேரென்று விளைகிறது. தரையை யாரும் மிதிக்க வேண்டியதில்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. கங்காணி இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் இல்லை. அதற்காக எனக்குத் துளி வருத்தமில்லை. எனக்கு வேண்டியது வேறு ஒன்று. அண்ணன் சட்டையைக் கழற்றிய அந்த ஆட்டத்தின் வீடியோ.

அந்த கோலை நான் பார்க்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து யாழினி நனைத்துவிட்டாள். துணி மாற்றிக்கொண்டிருந்தேன். ஊக்கு திறந்தபடி கையில் இருந்தது. பிள்ளையின் தொடையில் குத்திவிடக் கூடாதே என்று கண்ணை எடுக்கவில்லை. “கோல்! ஏய், பாருடி, உங்கண்ணன் சட்டையக் கழட்டுறாரு!” என்று வீட்டுக்காரர் கத்தினார். இதோ என்றேன். ஊக்கைச் சரியாக மாட்டி, இழுத்துப் பார்த்து, திரும்பியபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நெட் வந்தபோது நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கியிருந்தார். அண்ணன் தலையைக் குனிந்து நின்றான்.

நெட்டில் இப்போது இருக்கும் துண்டும் சிவப்பு அட்டையிலிருந்துதான் தொடங்குகிறது. கோலை வெட்டிவிட்டார்கள். கிளப்பின் பக்கத்தில் அந்த வருஷத்து வீடியோ ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், “ஏதோ ஆடினாரு, நல்லாதான் இருந்துச்சு,” என்பதற்கு மேல் அவருக்கு ஞாபகமில்லை.

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். டீ குடித்துக்கொண்டே, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனே அந்தப் பேச்சை எடுத்தான்.

“அன்னிக்கு நீ பாத்த இல்ல பாப்பா?”

“பாத்தேண்ணா.”

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. காது அடச்சுப் போச்சு. குதிச்சனா நானு?”

“குதிச்சண்ணா.”

“நல்லா?”

“நல்லா உயரமா குதிச்ச,” என்றேன். அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியா என்று கேட்டு, சிரித்தான்.