மேஜையில் தாளம் போடும் முதலீட்டாளர்

ராக் பாண்டில் டிரம்ஸ் வாசித்தவன் எப்படி ஜெனரேட்டருக்குப் பெட்டி செய்கிற கம்பெனிக்கு முதலாளி ஆனான் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். வாய்த்துடுக்கு. வேறொரு மண்ணும் இல்லை.

பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பனின் வீடு பீர்க்கன்கரணையில். அதன் மொட்டை மாடிக் கொட்டகையில்தான் எங்கள் நாலு பேர் பாண்டின் ஒத்திகை. தாம்பரத்தில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. அத்தாவுக்கு ஹார்டுவேர் கடை. பகலெல்லாம் தகரச் சத்தம் கேட்டுவிட்டு வருகிற மனுஷர், வீட்டிலும் அதே சத்தம் என்றால் டிரம்ஸோடு என்னையும் சேர்த்து எடைக்குப் போட்டிருப்பார்.

நண்பனின் வீட்டுக்குப் பக்கத்து அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஒருநாள் சண்டைக்கு வந்தார். பேசாமல் தலையை ஆட்டியிருக்கலாம். உங்கள் ஜெனரேட்டரை விடவா சார் நாங்கள் சத்தம் போடுகிறோம் என்று கேட்டுத் தொலைத்தேன். அவரும் விடவில்லை. அவ்வளவு தெரிந்தவன் அதை அடக்கிக் காட்டு, பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் அடி என்றார்.

பெரிய டிரம்முக்குள் தலையணை வைத்து அதன் அதிர்வை அடக்குவது எந்த டிரம்மருக்கும் தெரிந்த வித்தை. அதையே செய்தேன். அத்தா கடைத் தகரத்தில் பெட்டி, உள்ளே சுற்றிலும் பழைய மெத்தைப் பஞ்சு. கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, சத்தம் சுத்தமாக இல்லை. செக்ரட்டரி அசந்துபோய் நின்றார். அப்புறம் பஞ்சு கருகித் தெருவெல்லாம் புகை. டிரம் சூடாகாது, ஜெனரேட்டர் சூடாகும் என்பது பி.இ. படித்த இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

ஆனால் புகை வருவதற்கு முன் இருந்த அந்த அமைதியை அவர் மறக்கவில்லை. கருகாத மாதிரி ஒன்று செய்து கொடு, காசு தருகிறோம் என்றார். திருமுடிவாக்கத்தில் தகரம் வளைக்கும் ஒரு பட்டறையில் போய் நின்றேன். தீப்பிடிக்காத பஞ்சு என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பட்டறைத் தெருவிலேயே இப்போது எனக்கு மூன்று ஷெட். பாண்டில் ஒருத்தன் துபாய் போனான், ஒருத்தன் கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போனான். டிரம்ஸ் என் ஆபீஸ் மூலையில் தூசி தின்றுகொண்டிருக்கிறது.

கையில் நாலு காசு சேர்ந்ததும் யாரோ ஏத்திவிட்டார்கள், நானும் முதலீட்டாளர் ஆனேன். இந்த வேலைக்கு ஏஞ்சல் இன்வெஸ்டர் என்று பெயர். அம்மாவிடம் சொன்னேன். ஏஞ்சல் என்றால் மலக்குதானே, அவர்களுக்கு இவ்வளவு தொப்பை இருக்காதே என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

வேலை சுலபம். புதுசாகக் கம்பெனி ஆரம்பித்தவர்கள் வந்து திரையில் படம் காட்டிப் பேசுவார்கள், நாம் காபி குடித்துக்கொண்டே புருவத்தைத் தூக்க வேண்டும். எல்லாரும் அவசரக் குடுக்கைகள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் தானாக மேஜையில் தாளம் போடும். கொஞ்ச நேரத்தில் பேசுபவர் அந்தத் தாளத்துக்கு இறங்கி நிதானமாகிவிடுவார். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் இது நடந்தது. எனக்கு ஒரே பெருமை. படிப்பு, பணம், அழகு எதிலும் நான் முதல் ஆள் இல்லை. ஆனால் தாளத்தில் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த பேஸ் கிட்டார் நண்பன் வந்தான். நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன டப்பா செய்திருந்தான். மோட்டார் மேல் அதை ஒட்டிவிட்டால் அது ஓடும் சத்தத்தைக் கேட்டு, எந்த பேரிங் சீக்கிரம் போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். அருமையான சரக்கு. காசு போட்டேன். ஆனால் ஒரு தொழிற்சாலைகூட அதை வாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்றேன். பயல் ஷேர் ஆட்டோ மாதிரி பேசுகிறான். பாண்டிலும் அப்படித்தான், முன்னால் முன்னால் ஓடுவான், நான்தான் பிடித்து நிறுத்துவேன். அதனால் அவன் போகும் மீட்டிங்குக்கெல்லாம் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளம் போட்டேன். அவன் நிதானமாகப் பேசினான். எதிரில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மார்க்கெட் சரியில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

கடைசியாக மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. முதல் நாள் அவன் மனைவி எனக்குப் போன் செய்தார். பள்ளிக்கூட டீச்சர். இத்தனை நாள் வீடு ஓடியது அவர் சம்பளத்தில்.

"அண்ணா, இதுவும் வரலன்னா கம்பெனியை மூடிட்டுப் பழைய வேலைக்கே போறேன்னு சொல்லிட்டார். எனக்குச் சம்பளம் பிரச்சனை இல்லண்ணா. போனா அந்த மனுஷன் திரும்ப எந்திரிக்க மாட்டார்."

நான் இருக்கேன், பார்த்துக்கறேன் என்று சொன்னேன். என்ன திமிர் பாருங்கள்.

மறுநாள் எதிரில் மெயின்டனன்ஸ் தலைவி, இரண்டு என்ஜினியர்கள். ஷிப்ட் மாறும் நேரம், மூவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நண்பன் தொடங்கினான். நான் விரலை மேஜையில் வைத்தேன். அவன் பேச்சு இறங்கியது. அந்த மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நான் இன்னும் அழுத்தித் தட்டினேன். திடீரென்று அவன் தன் உள்ளங்கையை என் கைமேல் வைத்து அமுக்கினான்.

"மச்சான், கைய எடு."

எல்லார் முன்னாலும். எனக்கு முகம் செத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் பேசிய வேகம் இருக்கிறதே, எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்த மூவருக்கும் புரிந்தது. நாள் முழுக்க ஓடுகிற மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அவர்களும் அதே வேகத்தில்தான் பேசினார்கள். இவன் முடிப்பதற்குள் அவர்கள் கேட்டார்கள், அவர்கள் கேட்பதற்குள் இவன் சொன்னான். படத்தை மூடிவிட்டு வாங்க என்று மேடம் ஷெட்டுக்கே கூட்டிப் போனார். டப்பாவை ஒரு கம்ப்ரஸரில் ஒட்டியதும் இதன் பேரிங் தாங்காது என்றான். அதே பேரிங்கைக் காலையில்தான் ஆர்டர் செய்திருந்தார்களாம். முதலில் ஒரு லைனில் எல்லா மெஷினுக்கும் போடலாம், ஆர்டர் பேப்பர் இன்றே வந்துவிடும் என்றார் மேடம். நான் பின்னால் பை தூக்கிக்கொண்டு நின்றேன்.

வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீக்கடை. அவன் வீட்டுக்குப் போன் செய்து பேசினான், குரல் உடைந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா? நல்ல வேளை தப்பித்தாய், ரொம்ப ஸ்பீடாகப் போய்விட்டாய் என்றேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான் சரியான ஸ்பீடுதான் மச்சான். நீதான் இழுப்ப. பாண்டுல எல்லாருக்கும் தெரியும். உனக்காக நாங்க மெதுவா வாசிச்சோம்."

"இன்னாடா சொல்ற? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"டிரம்ஸ் உன்னோடது. நீ கோச்சுக்கினு தூக்கிட்டுப் போயிட்டா?"

"சரி, அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் காசு உன்னோடது."

சுருக்கென்றது. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து நிதானமானவர்கள் ஒவ்வொருவராகக் கண்முன்னே வந்தார்கள். ஒருத்தர்கூட என் தாளத்தைக் கேட்டு இறங்கவில்லை. பாவிகள், என் செக் புத்தகத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது மட்டும் எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டேன். அதான் ஆர்டர் வந்துடுச்சே என்று சிரித்தான். டீக்குக் காசு கொடுக்க நான் பர்ஸை எடுப்பதற்குள் அவன் போனில் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டு வண்டி பக்கம் நடந்துகொண்டிருந்தான்.